மகன் பின்சீட்டில் வரும் காரில் ரோல் பாரும் ரேஸ் சீட்டும் பொருத்தலாமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு வந்த நீளமான கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு வயது 38. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். முன்னால் இரண்டு சீட். பின்னால் பேருக்கு இரண்டு சீட், அதில் குழந்தைகள்தான் உட்கார முடியும். வார நாட்களில் அதே காரில் அலுவலகம் போகிறார், போகிற வழியில் 7 வயது மகனைப் பள்ளியில் விடுகிறார். மாதத்துக்கு ஒருமுறை ரேஸ் டிராக்குக்குப் போய், போட்டி எதுவும் இல்லாத டிராக் நாட்களில் ஓட்டுகிறார். போன முறை கூட வந்த நண்பர் ஒரு வளைவில் பிடி இழந்து டயர் தடுப்பில் மோதினார். நண்பருக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இவருக்கு மனசு சரியில்லை. வளைவுகளில் சீட்டில் உடம்பு சரிகிறது என்பதும் இவருடைய குறை.

அதனால் காரின் உட்புறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறார். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டுச் சாய்க்க முடியாத பக்கெட் சீட். ஒரு நண்பர் கொடுத்த பழைய நான்கு முனை ஹார்னஸ், அதாவது இரண்டு தோளையும் இடுப்பையும் சீட்டோடு கட்டும் பந்தய பெல்ட். அதன் லேபிளில் 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று இருக்கிறதாம், “துணி புதுசு போலத்தான் இருக்கிறது” என்கிறார். அதன் தோள் மேல் வரும் பட்டைகளைப் பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளில் கட்டிவிடலாம் என்பது யோசனை. அப்புறம் பின்சீட்டுப் பகுதியில் போல்ட் போட்டு மாட்டும் ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும் எஃகுக் குழாய், அதன் மேல் பஞ்சு சுற்றிவிடுவாராம். ஏர்பேக் இல்லாத சின்ன ஸ்டீயரிங். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியாமல் இருக்க ஒரு ரெசிஸ்டர். ஹெல்மெட்டுக்குப் பைக் ஹெல்மெட்டே போதும் என்று நினைக்கிறார். கடைசியில் கேட்கிறார்: “எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யக் கையில் பணம் இல்லை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது?” பின்குறிப்பில், ஒரு தீயணைப்பு சிலிண்டரை மட்டும் ஏற்கெனவே வாங்கிச் சீட்டுக்கடியில் பிளாஸ்டிக் பிடிப்பில் மாட்டிவிட்டதாகவும், அதுவாவது சரிதானே என்றும் கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

பந்தயங்களில் கார்களைத் தொழில்நுட்பப் பரிசோதனை செய்வது என் வேலை. உங்கள் பட்டியலில் இருப்பவற்றை மற்றவர்களின் கார்களில் தினமும் தொட்டுப் பார்க்கிறேன், இழுத்துப் பார்க்கிறேன், சில நேரம் “இதோடு டிராக்கில் இறங்கக் கூடாது” என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் செய்கிறேன். நண்பர் மோதியதைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமான டயர் வாங்கப் போகாமல் பாதுகாப்பைப் பற்றி யோசித்தீர்களே, அதற்கே பாராட்டு. ஆனால் “எதை முதலில்” என்ற கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. இவை தவணை முறையில் வாங்கும் பொருட்கள் இல்லை. ஒவ்வொன்றும் மற்றது இருக்கிறது என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்டது. கம்பெனி கொடுத்த அமைப்பு ஒரு கரை, முழு ரேஸ் அமைப்பு இன்னொரு கரை. நடுவில் நிற்பதுதான் இரண்டையும்விட ஆபத்து. நீங்கள் போட்டிருக்கும் பட்டியல் அந்த நடுப்பகுதிக்குத்தான் உங்களைக் கொண்டுபோகிறது.

இப்போது காரில் இருப்பது என்ன?

சாதாரண மூன்று முனை பெல்ட்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாதாரண பெல்ட்டுக்குள் நிறைய விஷயம் இருக்கிறது. மோதலை உணர்ந்த கணத்தில் சிறிய வெடிமருந்து வெடித்துப் பட்டையின் தளர்வை இழுத்துக்கொள்ளும். அதன்பின் விலா எலும்பு நொறுங்காதபடி பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. விட்டுக்கொடுத்த தூரத்தில் முன்னால் வரும் மார்பையும் தலையையும் ஏர்பேக் ஏந்திக்கொள்ளும். பெல்ட், ஏர்பேக், சீட், ஸ்டீயரிங் தண்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாக மோதிச் சோதித்த பிறகுதான் கார் விற்பனைக்கு வருகிறது. இதில் ஒன்றை உருவினால் மீதி மூன்றின் கணக்கும் தப்பிப்போகும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நிறைய கார்களில் பெல்ட்டின் பக்கிள் தரையில் இல்லை, சீட்டின் சட்டத்திலேயே போல்ட் போடப்பட்டிருக்கும். சீட்டைக் கழற்றினால் பெல்ட்டின் ஒரு முனையும் கூடவே போய்விடும். பக்கெட் சீட் விற்பவர் இதைச் சொல்லவில்லை என்றால் அவரிடம் கேளுங்கள்: “பக்கிளை எங்கே மாட்டப் போகிறீர்கள், அந்த இடம் எவ்வளவு விசையைத் தாங்கும்?” உங்கள் எடை 75 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பைப் போல 30 மடங்கு வேகக்குறைவில் கார் நின்றால், பட்டைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளும் சேர்ந்து தாங்க வேண்டியது ஏறக்குறைய 2,250 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. வெறும் தகடில் துளை போட்டு வாஷர் வைத்து முடுக்கிய போல்ட், தகடைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

அந்த நான்கு முனை ஹார்னஸ்

உங்கள் பட்டியலில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், தோளை இறுக்கிப் பிடிக்கும், மனசுக்குத் தெம்பாக இருக்கும். மோதும்போது நடப்பது வேறு.

இரண்டு தோள் பட்டைகளும் வயிற்றுக்கு நடுவே உள்ள பக்கிளில் வந்து சேர்கின்றன. அவற்றை இறுக்கினால் பக்கிள் மேலே ஏறும். கூடவே இடுப்புப் பட்டையும் இடுப்பெலும்பை விட்டு மேலே, வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் உடல் முன்னால் போகும்போது இடுப்பு அந்தப் பட்டைக்கு அடியில் நழுவி, பட்டை நேராக வயிற்றில் அழுந்தும். கல்லீரல், மண்ணீரல், குடல், அவற்றுக்குப் பின்னால் முதுகெலும்பு. எலும்பு தாங்க வேண்டிய பளுவை மென்மையான உறுப்புகள் தாங்க வேண்டி வரும். இதைத் தடுக்கத்தான் தொடைகளுக்கு நடுவே சீட்டைத் துளைத்து இறங்கும் பட்டைகள் வந்தன. ஆறு முனை ஹார்னஸில் அவை இரண்டு. பக்கிளைக் கீழே பிடித்து நிறுத்துவதே அவற்றின் வேலை. கம்பெனி சீட்டின் அடிப்பகுதியில் அதற்கான துளை கிடையாது. கத்தியால் வெட்டித் துளை போடலாம் என்று யாராவது சொன்னால், அந்த மெத்தைக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சார் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். (ஒரு தோள்பட்டை மட்டும் மோதலில் சற்று நீளும்படி தையல் போட்ட சிறப்பு நான்கு முனை ஹார்னஸ்கள் உண்டு. அவை குறிப்பிட்ட கார்களுக்கும் சீட்டுகளுக்கும் என்றே அங்கீகரிக்கப்பட்டவை. உங்களிடம் இருப்பது அது இல்லை.)

அடுத்து கழுத்து. மூன்று முனை பெல்ட்டில் ஒரு தோள் மட்டும் பிடிபட்டிருப்பதால் உடம்பு சற்றுத் திரும்பி முன்னால் வரும், தலையும் அதோடு சேர்ந்து வரும். ஹார்னஸில் இரண்டு தோளும் சீட்டோடு கட்டுண்டு நிற்கும். தலை மட்டும், அதுவும் ஹெல்மெட்டின் எடையையும் சுமந்துகொண்டு, முன்னால் பாயும். முழு இழுப்பும் கழுத்துக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதிக்கும் போகும். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தடத்தில் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடி எலும்பு முறிந்துதான். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் தன் முதன்மைப் பந்தயங்களில் தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் கருவியைக் கட்டாயமாக்கியது. 2003இல் ஃபார்முலா ஒன்றும் கட்டாயமாக்கியது. இத்தனைக்கும் அந்தக் கருவி புதிதில்லை. உயிரி இயக்கவியல் பேராசிரியரான ராபர்ட் ஹப்பர்டும், பந்தய ஓட்டுநரான அவருடைய மைத்துனர் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே ஹான்ஸ் கருவியை உருவாக்கிவிட்டார்கள். கழுத்தைச் சுற்றித் தோளில் உட்காரும் விறைப்பான நுகம் அது. அதன் மேல் ஹார்னஸின் தோள் பட்டைகள் ஓடும், ஹெல்மெட்டின் இரு பக்கமும் கயிறு போன்ற இணைப்புகள் வரும். தோளில் இரண்டு பட்டைகள் இல்லாமல் ஹான்ஸ் வேலை செய்யாது. ஹார்னஸ் போட்டால் ஹான்ஸ் போன்ற கருவி வேண்டும், அதைப் போட ஹார்னஸ் வேண்டும். ஒன்றை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஐசோஃபிக்ஸ் கம்பிகளில் தோள்பட்டையைக் கட்டும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். அவை 6 மி.மீ. தடிமன் கம்பிகள்; ஒரு குழந்தையையும் அதன் இருக்கையையும் தாங்கவே கணக்கிடப்பட்டவை, வளர்ந்த மனிதரை அல்ல. இருக்கும் இடமும் தவறு. அவை பின்சீட்டின் அடியில், உங்கள் தோளுக்கு வெகு கீழே இருக்கின்றன. தோளிலிருந்து பட்டை செங்குத்தாகக் கீழே இறங்கினால், மோதலில் அது உங்களைப் பின்னால் இழுக்காது, கீழ்நோக்கி அழுத்தும். முதுகெலும்பு நசுங்கும். பட்டை சீட்டின் மேல்விளிம்பிலிருந்து கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பின்னால் போக வேண்டும். உலகக் கார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் விதிகள் 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது என்கின்றன, 10 டிகிரிக்குள் இருந்தால் நல்லது என்று பரிந்துரைக்கின்றன. பட்டை நீளமாக இருக்க இருக்க அதிகம் நீட்சி அடையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் உள்ள ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாலியஸ்டர் பட்டை வெயிலில் பலம் இழக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை மோதலில் இழுபட்ட பட்டையும் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். நண்பர் அதை எங்கே வைத்திருந்தார், எந்தக் காரில் இருந்தது, மோதலைச் சந்தித்ததா என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. பரிசோதனையில் முதலில் நான் புரட்டிப் பார்ப்பது லேபிளைத்தான். 2019 என்று பார்த்ததும் மேற்கொண்டு பேச்சே இல்லை.

ரோல் பாரும் மகனின் தலையும்

கார் கவிழ்ந்தால் கூரை அமுங்காமல் காப்பது ரோல் பாரின் வேலை. ஹார்னஸும் சாயாத சீட்டும் உங்களை நேராக நிறுத்திக் கட்டிவிடுகின்றன. கூரை இறங்கினால் குனியவோ சாயவோ வழியில்லை. எனவே ஹார்னஸ் என்றால் ரோல் பார் வேண்டும் என்ற உங்கள் நினைப்பு சரிதான். சீட்டுக்குப் பின்னால் தோள்பட்டை கட்ட மட்டும் குறுக்கே போடும் ஒற்றைக் கம்பியை ரோல் பார் என்று விற்பவர்கள் உண்டு. கார் கவிழும்போது அது எதையும் தாங்காது.

ஆனால் அந்தப் பார் எங்கே நிற்கும் என்று யோசித்தீர்களா? உங்கள் காரில் அது பின்சீட்டுக்கு முன்னாலோ அதன் மேலாகவோதான் நிற்க வேண்டும். 45 மி.மீ. தடிமன் எஃகுக் குழாய். மகனின் நெற்றிக்கும் அதற்கும் நடுவே ஒரு கை தூரம்கூட இருக்காது. பின்புறத் தாங்கு குழாய்கள் அவன் இரு பக்கமும் இறங்கும். நகரத்துச் சாலையில், பள்ளி நேரத்து நெரிசலில், முன்னால் போகும் வண்டி திடீரென நின்று நீங்கள் பிரேக் அடித்தாலே பெல்ட் போட்ட குழந்தையின் தலையும் முன்னால் வரும். “பஞ்சு சுற்றிவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய்களுக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட பஞ்சு கல் மாதிரி இருக்கும், நகத்தால் அழுத்தினால்கூடப் பதியாது. ஹெல்மெட் போட்ட தலைக்காகச் செய்தது அது. வெறும் தலைக்கு அது பெரிதாக உதவாது. கடையில் கிடைக்கும் மெத்துமெத்தென்ற நுரைக்குழாயோ அலங்காரம்தான்.

முன்பக்கமும் இதே கதைதான். ரோல் பாருக்குப் பதில் உட்புறம் முழுதும் குழாய்களால் ஆன முழுக் கூண்டு போட்டால் கதவுக்கு மேலே ஓடும் குழாய் ஓட்டுநரின் தலைக்கு வெகு அருகில் வரும், கூரையோரத்தில் விரியும் திரை ஏர்பேக்குக்கும் குறுக்கே நிற்கும். ஹெல்மெட் இல்லாமல் அலுவலகம் போகும் காருக்கு அது பொருந்தாது.

ஆகவே இதில் நான் தயங்காமல் சொல்வது: பின்சீட்டில் ரோல் பார் வருமானால் அன்றோடு அந்தக் காரில் மகனை ஏற்றக் கூடாது. வார இறுதியில் மாட்டி, திங்கள்கிழமை கழற்றுவேன் என்ற சமாதானமும் வேண்டாம். ஒரு ஞாயிறு இரவு அலுப்பாக இருக்கும், “நாளைக்கு ஒரு நாள்தானே” என்று தோன்றும்.

ஏர்பேக் விளக்கும், சட்டமும், காப்பீடும்

ரெசிஸ்டர் செய்வது என்ன? சீட்டில் ஏர்பேக் இருந்த சுற்றுக்கு உரிய மின்தடையைக் காட்டி, கணினியிடம் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று பொய் சொல்கிறது. ரெசிஸ்டர் போடாமல் விளக்கை எரிய விட்டாலும் நல்லதில்லை. பல கார்களில் விளக்கு எரிந்தால் அந்த ஒரு ஏர்பேக் மட்டுமல்ல, மற்றவையும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. காரை யாருக்காவது விற்கும்போது இந்தப் பொய்யும் அவரோடு போகிறது. நாளைக்கு அந்தச் சீட்டில் உட்கார்பவர் தன் விலாப்பக்கம் ஏர்பேக் இருக்கிறது என்றுதான் நினைப்பார். விற்பதானால் எழுத்தில் சொல்லிவிடுங்கள். கழற்றிய ஏர்பேக்கும் பெல்ட் இழுப்பானும் வெடிமருந்துள்ள பொருட்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருந்து, பயிற்சி பெற்றவர்தான் தொட வேண்டும். மல்டிமீட்டர் வைத்துச் சோதித்துப் பார்க்கிற விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

ஏர்பேக் ஸ்டீயரிங்கைக் கழற்றுவதும் இதே வகைதான். மூன்று முனை பெல்ட்டோடு ஓட்டும்வரை அந்த ஏர்பேக் உங்கள் முகத்துக்கு வேண்டும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஐ.நா. வாகன விதிகளில் 14ஆம் எண் பெல்ட் மாட்டும் இடங்களுக்கு, 16ஆம் எண் பெல்ட்டுக்கு, 17ஆம் எண் சீட்டுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. பல நாடுகள் இவற்றைப் பின்பற்றுகின்றன. உங்கள் கார் சாலைக்கு அனுமதி பெற்றது அந்தச் சோதனைகளில் தேறிய பாகங்களோடு. எஃப்ஐஏ முத்திரை பந்தயத்துக்கான தகுதி, சாலைக்கான அனுமதி இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. மாற்றுவதற்கு முன் உங்கள் வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பல சாலைப் பாலிசிகள் டிராக்கில் ஓட்டுவதை விலக்கிவைக்கின்றன. இது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டிச் சாலை விபத்துக்கான இழப்பீட்டையும் மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

முதல் வழி, காரைத் தொடாமல் உங்களை மட்டும் தயார் செய்வது. என் பரிந்துரை இதுதான். கம்பெனி சீட், பெல்ட், ஏர்பேக் எல்லாம் அப்படியே இருக்கட்டும். முதலில் கார் ஓட்டத்துக்கென்று சான்று பெற்ற ஹெல்மெட் வாங்குங்கள். 1956இல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெலின் பெயரில் அடுத்த ஆண்டே தொடங்கப்பட்ட ஸ்னெல் அறக்கட்டளை, பைக் ஹெல்மெட்டுக்கு எம் என்றும் கார் பந்தய ஹெல்மெட்டுக்கு எஸ்ஏ என்றும் தனித்தனித் தரம் வைத்திருக்கிறது. எஸ்ஏ ஹெல்மெட்டைத் தீயில் காட்டிச் சோதிப்பார்கள், ரோல் பாரைப் போன்ற இரும்பில் மோதியும் சோதிப்பார்கள். பைக் ஹெல்மெட்டுக்கு இந்த இரண்டும் இல்லை. எஸ்ஏ ஹெல்மெட்டில் கழுத்துப் பாதுகாப்புக் கருவியின் திருகுக்கு இடமும் இருக்கும், பின்னால் உதவும். வாங்குவதற்கு முன் அதைப் போட்டுக்கொண்டு உங்கள் காரில் உட்கார்ந்து பாருங்கள். கூரைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே கைமுட்டி நுழையாவிட்டால் சீட்டைத் தாழ்த்த வேண்டும். சன்ரூஃப் உள்ள காரில் இது அடிக்கடி இடிக்கும்.

வளைவில் உடம்பு சரிகிறது என்பது உங்கள் உண்மையான குறை. அதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சீட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பின்னால் தள்ளி, பெல்ட்டைப் போட்டு, இடுப்புப் பட்டையைத் தொடைக்கு மேல் தாழ்வாக இறக்கி, தோள் மேல் வரும் பட்டையைச் சடாரென்று இழுத்துப் பூட்ட வையுங்கள். பூட்டியபடியே சீட்டை முன்னால் நகர்த்துங்கள். இடுப்பு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பெல்ட் பெல்ட்டாகவே இருக்கும், மோதினால் இழுப்பானும் வேலை செய்யும்.

மீதிப் பணத்தைப் பிரேக் பேடிலும் பிரேக் திரவத்திலும், ஒரு நல்ல பயிற்றுநரின் மேலும் போடுங்கள். நண்பர் தடுப்பில் மோதக் காரணம் அவருடைய சீட் இல்லையே.

இரண்டாவது வழி, முழுதாக மாற்றுவது. காரைச் சாலையிலிருந்து விலக்கி, டிராக்குக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் நிலைக்கு நீங்கள் தயாராக இருந்தால் மட்டும். மூன்றாவது, டிராக்குக்கு என்றே ஒரு பழைய, விலை குறைந்த காரைத் தயார் செய்வது, அல்லது ஏற்கெனவே முழு அமைப்போடு இருக்கும் காரை நாள் வாடகைக்கு எடுப்பது. மாதம் ஒருமுறை ஓட்டுபவருக்குக் கணக்குப் போட்டால் இது பெரும்பாலும் மலிவாகவே வரும். ஸ்போர்ட்ஸ் காரின் உள்ளே துளை போட மனசு வராதவர்களுக்கும் இது நல்ல வழி.

ஒருநாள் முழுதாக மாற்றினால்

எல்லாம் ஒரே நேரத்தில் போகட்டும்: சீட், ஆறு முனை ஹார்னஸ், ரோல் பார், எஸ்ஏ ஹெல்மெட், கழுத்துக் கருவி. சீட்டில் எஃப்ஐஏ 8855 அல்லது 8862 முத்திரை, ஹார்னஸில் 8853-2016, கழுத்துக் கருவியில் 8858 என்ற தர எண்கள் இருக்க வேண்டும், சீட்டிலும் ஹார்னஸிலும் காலாவதி ஆண்டைப் பாருங்கள். சீட்டின் தோள் துளைகள் உங்கள் தோள் உயரத்துக்குப் பொருந்த வேண்டும். ஆளை உட்கார வைக்காமல் சீட் வாங்கக் கூடாது. பக்கத்து சீட்டில் பயிற்றுநரோ நண்பரோ உட்காருவார் என்றால் அவருக்கும் இதே அமைப்புதான். தனக்கு ஹார்னஸ், பக்கத்தில் இருப்பவருக்குப் பழைய பெல்ட் என்பதைப் பல ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதில்லை.

பொருத்தும் இடத்தில் கண் வையுங்கள். சீட்டின் ஒவ்வொரு பிடிப்புக்கும், ஹார்னஸுக்காகப் புதிதாகப் போடும் ஒவ்வொரு முனைக்கும் தரைத்தகடின் மறுபக்கம் 3 மி.மீ. தடிமனில், 40 சதுர செ.மீ.க்குக் குறையாத எஃகுத் தகடு வேண்டும். ரோல் பாரின் முக்கியக் கால்களுக்கு 120 சதுர செ.மீ. ஹார்னஸ் போல்ட் எம்12 (12 மி.மீ. தடிமன்), 8.8 தரம், தலையில் அந்த எண் பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். காரைத் தூக்கி நிறுத்தி அடியிலிருந்து ஒவ்வொரு தகடையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரரிடம் குழாயின் வகை, தடிமன், வெல்டிங் செய்தவர் யார் என்பதை எழுதிக் கேட்பது உங்கள் உரிமை. “நம்புங்க சார், நிறைய வண்டிக்குச் செய்திருக்கோம்” என்பது பதில் இல்லை.

போடும்போது வரிசை முக்கியம்: இடுப்புப் பட்டையை முதலில், எலும்பின் மேல் தாழ்வாக, மூச்சை விட்டுக்கொண்டு இறுக்குங்கள். பிறகு தொடைப் பட்டைகள். தோள் கடைசியில். அப்புறம் ஹெல்மெட், கழுத்துக் கருவி எல்லாம் மாட்டிய நிலையில் பக்கிளைத் தட்டி, கதவைத் திறந்து வெளியே வரப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை செய்து பாருங்கள், புகையில் பக்கிளைக் கையால் தேடத்தான் வேண்டியிருக்கும். பக்கத்துக் கதவு வழியாகவும் வர முடிகிறதா என்று பாருங்கள்.

தரைவிரிப்பையும் கதவு உறைகளையும் உரிப்பதில் பாதுகாப்பு எதுவும் இல்லை, எடை கொஞ்சம் குறையும். உரித்த கதவில் கிழிந்த தகடு விளிம்பு முழங்கை உயரத்தில் நிற்கும், அவ்வளவுதான் லாபம்.

பின்குறிப்பில் கேட்டது

சிலிண்டர் வாங்கியது சரி, மாட்டிய விதம் சரியில்லை. 2 கிலோ மருந்துள்ள சிலிண்டர், இரும்போடு சேர்த்து அதைவிட எடை கூடியது. மோதலில் பிளாஸ்டிக் பிடிப்பு உடைந்தால் அது பிரேக் பெடலுக்கு அடியிலோ உங்கள் கணுக்காலிலோ போய் நிற்கும். மகன் பின்னால் இருக்கும் நாளில் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. டிராக்குக்குப் போகும் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலை காரை எடுப்பதற்கு முன் கழற்றி வெளியே வையுங்கள். பிறகு இரண்டு உலோகப் பட்டைகளும் ஒரே இழுப்பில் விடுபடும் பூட்டும் உள்ள பிடிப்பை வாங்கி, உறுதியான உலோக இடத்தில், போல்ட்டுக்கு அடியில் தகடு வைத்து, பெல்ட் போட்டபடியே கை எட்டும் தூரத்தில் மாட்டச் சொல்லுங்கள். சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜின் முள் பச்சையில் இருக்கிறதா, அடுத்த சர்வீஸ் தேதி என்ன என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.